ராணியின் முதுகுக்குப் பின்னால்

தையல் தெரிந்தவளிடம் துணியைக் கொடுக்கலாம். வரலாறு தெரிந்தவளிடமும் கொடுக்கலாம், அவள் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பாள். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்தவளிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. நான் அந்த மூன்றாவது ரகம்.

திருச்சியில் ஃபேஷன் டிசைனிங் டிப்ளமா முடித்துவிட்டு, ஜெயங்கொண்டம் கடைவீதியில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் ‘கலை டிசைனர் பொட்டிக்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. கலை என்பது கலைச்செல்வியாகிய நான். டிசைனர் என்பதும் நான்தான். பொட்டிக் என்றால் என்னவென்று கீழே உரக்கடைக்காரர் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். படிப்பில் ‘உடைகளின் வரலாறு’ என்று ஒரு பாடம் உண்டு. வகுப்பிலேயே அதில் நான்தான் முதல். (மற்றவர்கள் அந்தப் புத்தகத்தை வாங்கவே இல்லை என்பது வேறு விஷயம்.) அந்த அறிவை வைத்துக்கொண்டு, பல்லவர் காலத்து மடிப்பு பற்றிப் பேச யாராவது படியேறி வருவார்களா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் எல்லாம், “பாப்பா, பொடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுக் குடுப்பியா?” என்றுதான் கேட்டார்கள்.

இப்படி நான் காய்ந்துபோய்க் கிடந்த ஒரு நாளில்தான் ராமதுரை சார் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். பெரம்பலூரில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் சிலருக்குச் சர்க்கரை வரும், இவருக்கு நாடகம் வந்திருந்தது. ‘செங்கமல தேவி’ என்று ஒரு ராணியைச் சொந்தமாகக் கற்பனை செய்து, அவளுக்கு ஒரு நாட்டையும் ஒரு எதிரி மன்னனையும் கொடுத்து, மூன்று மணி நேர நாடகம் எழுதி வைத்திருந்தார். எழுதினவரும் அவரே, இயக்குநரும் அவரே.

“ராணி டிரெஸ் ஒண்ணு இருக்கு பாப்பா. கொஞ்சம் ஆல்ட்ரேஷன் பண்ணணும். நம்ம நாடகத்துல ராணியா நடிக்கப் போறது யாரு தெரியுமா? வசந்தமணி அம்மா.”

எனக்குக் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவியது. வசந்தமணியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இளம் வயதில் மேடை நாடகங்களில் நடித்தவர். பிறகு டிவி சீரியலில் கொடுமைக்கார மாமியாராக வந்து வீடு வீடாகப் பெயர் வாங்கியவர். மருமகள் வைத்த குழம்பில் அவர் உப்பை அள்ளிக் கொட்டிய எபிசோடுக்குப் பிறகு, என் அம்மா அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டேதான் சமைத்தார். (அந்த வாரம் எங்கள் வீட்டுக் குழம்பிலும் உப்பு கூடுதலாகத்தான் இருந்தது.)

மறுநாளே பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனேன். ராமதுரை சார் வீட்டில்தான் வசந்தமணி அம்மா தங்கியிருந்தார். சீரியலில் பார்த்ததைவிட உயரம். சீரியலில் பார்த்ததைவிட அகலமும்தான், ஆனால் அதை நான் அப்போது எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளை வேட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்து அந்த உடுப்பை எடுத்துக் கட்டிலில் விரித்தார். அடர் சிவப்பு வெல்வெட்டில் நீளக்கை ஜாக்கெட், ஓரமெல்லாம் பொன் நிற ஜரிகை, கழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி மணிகள், அதோடு சேர்த்துத் தைத்த கனமான பாவாடை. முதுகில் நீளமாக ஒரு ஜிப்.

“இதைப் போட்டுக்கிட்டுத்தான் கண்ணு நான் முதமுதலா கைதட்டு வாங்குனேன்” என்றார். “எத்தனையோ ராணி வேஷம் கட்டிட்டேன். எல்லா ராணிக்கும் இதே டிரெஸ்தான். பாத்து செய்யி.”

போட்டுப் பார்த்தார். ஜிப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. வெல்வெட் அரிக்கும் என்பதால் உள்ளே ஒரு ஆம்பளை பனியன் போட்டிருந்தார். ராணியின் முதுகு நடுவே அது பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் ஒடம்பு போடல” என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடி. “ரொம்ப நாள் பெட்டியில கெடந்துச்சுல்ல. துணி சுருங்கிடுச்சு.”

“ஆமாம்மா. வெல்வெட் சுருங்கும்” என்றேன். (பெட்டியில் கிடக்கும் வெல்வெட் சுருங்காது. எந்தத் துணியும் சும்மா கிடந்தால் சுருங்காது. ஆனால் குழம்பில் உப்பைக் கொட்டிய அந்தக் கண்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.)

அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் அவர் வயிறு காணாமல் போயிற்று. அப்படியொரு மூச்சடக்கலை நான் யோகா வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. தோள் பின்னால் போனது, மார்பு நிமிர்ந்தது, இடுப்பு பத்து வருடம் இளமையானது. நான் ஏதோ கேட்டால் புருவத்தால் பதில் சொன்னார். பேசினால் மூச்சு வெளியே வந்துவிடுமே. வகுப்பில் முதல் பாடமே, அளவெடுக்கும்போது ‘சாதாரணமாக மூச்சு விடுங்கள்’ என்று சொல்ல வேண்டும் என்பதுதான். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அந்த அடக்கிய மூச்சின் அளவைத்தான் எழுதிக்கொண்டேன்.

சாதாரணத் தையல்காரராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, அக்குளுக்குக் கீழே அதே நிறத்தில் ஒரு பட்டை வைத்து, ஜிப்பை மூடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் படித்தவள் இல்லையா. ராமதுரை சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு சின்ன சொற்பொழிவு ஆற்றினேன். அரசிகள் காலத்தில் ஜிப் ஏது, கொக்கி ஏது, எல்லாம் நாடா போட்டு இழுத்துக் கட்டுவதுதான் மரபு, முதுகில் இரண்டு பக்கமும் காஜா போட்டு, பொன் நிற நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்தால் உடம்புக்குத் தகுந்த மாதிரி தளர்த்தலாம், இறுக்கலாம், மேலே போடும் சால்வை முதுகை மூடிக்கொள்ளும் என்றேன். கையோடு கொண்டுபோயிருந்த என் பாடப் புத்தகத்தில் ஒரு படத்தையும் காட்டினேன். அந்தப் படத்தில் இருந்தது இங்கிலாந்து நாட்டு ராணி. அது அன்றைக்கு எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. ராணி ராணிதானே.

ராமதுரை சார் அசந்துபோய்விட்டார். “பாத்தீங்களாம்மா, படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்.”

வசந்தமணி அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “ஜிப்பு இருந்தா ஒரு தைரியம் கண்ணு.”

“அந்தக் காலத்துல ஜிப்பே இல்லைம்மா.”

“அந்தக் காலத்துல மைக்கும்தான் இல்ல. வெக்கிறோம்ல?”

பதில் இல்லாத இடத்தில் படித்தவர்கள் செய்வதை நானும் செய்தேன். லேசாகச் சிரித்துவிட்டு உடுப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடையில் உட்கார்ந்து அந்த ஜிப்பைப் பிரித்தெடுத்தபோது எனக்கு ஏதோ கோயில் திருப்பணி செய்வதுபோல் இருந்தது. வெல்வெட்டில் வரிசையாகத் துளை போட்டேன். ஒவ்வொன்றையும் பொன் நூலால் சுற்றிக் காஜா எடுத்தேன். முதுகுப் பகுதி பல வருட வியர்வையில் நைந்திருந்ததை விரல் உணர்ந்தது. பின்னால் கெட்டியாகக் கேன்வாஸ் கொடுத்துத் தைத்தால் தாங்கும். கொடுத்தால் துணி விழும் அழகு கெட்டுப்போகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். முடிந்ததும் ஃபோட்டோ எடுத்து என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘வேற லெவல்’ என்று பதில் வந்தது. அது எந்த லெவல் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாவது முறை போட்டுப் பார்த்தபோது வசந்தமணி அம்மா முதலில் மோந்து பார்த்தார்.

“என்ன கண்ணு, வயக்காட்டு வாசம் வருது?”

கீழே உரக்கடை என்று சொல்ல வாய் வரவில்லை. “புதுத் துணி வாசம்மா” என்றேன். அவர் திரும்பி நின்று வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன். போதவில்லை. முழங்காலை அவர் முதுகில் கொடுத்து, மாட்டு வண்டியில் வைக்கோலுக்குக் கயிறு போடுவதுபோல் இழுத்து முடிச்சுப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் உண்மையிலேயே கம்பீரமாக இருந்தது. அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மெல்லிய குரலில். அந்தக் குரல் எனக்குப் பணிவாகப் பட்டது. அது காற்று இல்லாத குரல் என்பது உறைக்கவில்லை. “வசனம் எங்கேருந்து வருது தெரியுமா கண்ணு? அடி வயித்துலேருந்து. அதுக்கு எடம் இருக்குல்ல?”

“கச்சிதமா இருக்கும்மா” என்றேன்.

நாடகம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். அன்று காலையில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிற குரல். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினால் ஏதோ விவகாரம் என்று அர்த்தம்.

“சாயங்காலம் ஒரு நல்ல பொடவையா கட்டிக்க. மீன்சுருட்டிலேருந்து அவங்க வராங்க.”

“யாரும்மா?”

“அந்த அறுவடை மிஷின் வெச்சிருக்காங்களே, அந்தப் பையனும் அவங்க அம்மாவும். பொண்ணு பாக்குறதுன்னு சொன்னா நீ மொகத்தத் தூக்கி வெச்சுக்குவ. அதான் நாடகம் பாக்க வரச் சொன்னேன். நீதான் ராணி டிரெஸ்ஸு தெச்சேன்னு சொல்லி வெச்சிருக்கேன். எம் பக்கத்துலதான் ஒக்கார வெக்கப் போறேன்.”

மேடைக்குப் பின்னால் ஓடியாடி வேலை பார்க்க வேண்டியவள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போக முடியாது என்று சண்டை போட்டு, பழைய சுடிதாரோடு போனேன். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டப் போயிருந்ததால் அன்றைய கூத்தைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று வரை அதற்காக வருத்தப்படுகிறார்.

மண்டபம் நிறைந்துவிட்டது. சைடு திரைக்குப் பின்னால் ஊசி நூல் டப்பாவோடு நின்று எட்டிப் பார்த்தேன். முன் வரிசையில் அம்மா. பக்கத்தில் மூக்குத்தி போட்ட ஒரு பெண்மணி, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டையில் ஒருவர், தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க மோசமில்லை. (இதை எழுதும்போது அவர் பின்னால் வந்து நின்று படிக்கிறார். ‘மோசமில்லை’யை அடித்துவிட்டு வேறு நல்ல வார்த்தை போடச் சொல்கிறார். போடுவதாக இல்லை.)

முதல் காட்சி நன்றாகத்தான் போனது. வசந்தமணி அம்மா மேடையில் கால் வைத்ததுமே கைதட்டல். கதைப்படி ராணி தன் சால்வையைக் கழற்றி, குளிரில் நடுங்கும் காவலனுக்குக் கொடுத்துவிடுகிறாள். கருணை உள்ளம். முதுகை மூடிக்கொள்ளும் என்று நான் சொன்ன அதே சால்வை. நான் நாடகத்தை முழுதாகப் படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அடுத்து சிம்மாசனத்தில் உட்கார்ந்து ராணி நீண்ட வசனம் பேச வேண்டும். “என் நாட்டின் ஒரு பிடி மண்ணைக்கூட” என்று தொடங்குவது. இரண்டு பக்கம் வரும். வசந்தமணி அம்மா அடி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். எனக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மைக் ஏதோ என்று நினைத்தேன். “தர மாட்டேன்” என்றார். டப், டப். நைந்த வெல்வெட்டில் நான் ஆசை ஆசையாய் எடுத்த காஜாக்கள் மேலிருந்து கீழாக வரிசையாகக் கிழிந்துகொண்டு வந்தன. வீர வசனம் சூடேறச் சூடேற வேகமாகக் கிழிந்தன. வசனம் முடிந்து மண்டபமே கை தட்டியபோது, ராணி சிம்மாசனத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் சைடு திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. உப்பு எபிசோடில்கூட அந்தப் பார்வை இல்லை.

ராமதுரை சாருக்கு வேர்த்துக் கொட்டியது. “அடுத்த சீன்ல தூதுவன் வரான் பாப்பா. அம்மா எந்திரிச்சு முன்னாடி வந்து வாளை எடுக்கணும். திரும்புனா பனியன் தெரியுமே.”

“திரையப் போடுங்க சார்.”

“திரைக் கயிறு சிக்கிக் கெடக்கு. அதைத்தான் ரெண்டு பேரு சரி பண்ணிட்டு இருக்காங்க.”

சொல்லிக்கொண்டே அவர் சுற்றிலும் பார்த்தார். மேசை மேல் விரித்திருந்த பச்சை வெல்வெட் துணியை உருவி என் தோளைச் சுற்றிப் போட்டார். வெள்ளை நைலான் கயிற்றைப் பிரித்துக் கட்டிய சாமரம் ஒன்றை என் கையில் திணித்தார். “நீ ராணியோட தோழி. போயிப் பின்னாடி நின்னு கெட்டியாப் புடிச்சுக்க. வாயத் தொறக்காத” என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

வெளிச்சத்தில் வந்து விழுந்தேன். முன் வரிசையில் அம்மாவின் முகம் தெரிந்தது. வாய் மெதுவாகத் திறந்தது. நான் சாமரத்தை ஆட்டிக்கொண்டே சிம்மாசனத்தின் பின்னால் போய், இடது கையை நுழைத்து, பிரிந்து கிடந்த இரண்டு பக்க வெல்வெட்டையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தேன். நடுவில் பனியனும் மாட்டிக்கொண்டது. வசந்தமணி அம்மா உதடு அசையாமல், “விட்டே, தொலைஞ்ச” என்றார்.

தூதுவன் வந்தான். அந்த வேஷம் கட்டியவர் ஈ.பி. ஆபீஸில் வேலை பார்க்கும் செல்வராசு. நல்ல மனிதர். ஒரே ஒரு குறை. வசனத்தை ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்து மனப்பாடம் செய்பவர். எதிராளி சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் அடுத்த பெட்டி நகராது.

“தேவி, நான் கொண்டு வந்திருப்பது இரகசியச் செய்தி. அனைவரையும் வெளியே அனுப்புங்கள்” என்றார்.

ராணி கையை உயர்த்தினார். காவலர்கள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. போனால் பனியன். செல்வராசு என்னைப் பார்த்தார். அவர் மனப்பாடம் செய்த நாடகத்தில் இந்த இடத்தில் தோழியே கிடையாது.

“தோழியையும் அனுப்புங்கள், தேவி.”

“பரவாயில்லை, சொல்லுங்கள் தூதரே” என்றார் ராணி.

இது அவர் மனப்பாடத்தில் இல்லாத பெட்டி. செல்வராசுக்குக் கண் இரண்டு தரம் இமைத்தது. மறுபடியும் அதே இடத்துக்குப் போனார். “தோழியை அனுப்புங்கள், தேவி.”

“இவள் எதிரில் தாராளமாகச் சொல்லலாம். இவளுக்குக் காது கேட்காது.”

மண்டபத்தில் லேசான சிரிப்பு. செல்வராசு விடவில்லை. இரகசியத்தைக் காப்பாற்றியே தீருவது என்ற முடிவோடு, “காது கேட்காவிட்டாலும் கண்ணால் பார்த்து அறிந்துகொள்வாளே” என்றார். ஆயுசில் முதல் முறையாக அவர் சொந்தமாகச் சொன்ன வசனம் அதுதான். அது என் தலையிலா விடிய வேண்டும்.

“கண்ணும் தெரியாது” என்றார் ராணி.

“பேசினால்?”

“வாயும் பேச மாட்டாள்.”

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் முன் வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். என் அம்மா எழுந்து நின்றார். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரலில், பக்கத்திலிருந்த மூக்குத்திப் பெண்மணியைப் பார்த்துச் சொன்னார்:

“இல்லைங்க. அதெல்லாம் நம்பாதீங்க. எம் பொண்ணுக்கு எல்லாம் நல்லாத் தெரியுங்க. காது, கண்ணு ஒண்ணும் கொறையில்லங்க. பேச்சுதான் ரொம்பப் பேசுவா, வேணும்னா வூட்டுக்கு வந்து பாருங்க.”

பின் வரிசைக்காரர்கள் இதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். மூக்குத்திப் பெண்மணி திரும்பி என் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தன் மகனைப் பார்த்தார். மகன் செல்போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மேடை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பிளந்திருந்தாலும் போயிருக்க முடியாது. கையில் ராணி இருந்தார்.

அந்த நேரம் பார்த்து ராணி எழுந்தார். நானும் சிம்மாசனத்தைச் சுற்றி இழுக்கப்பட்டேன். அவர் முன்னால் நடந்தார், நான் ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவர் திரும்பினால் நானும் வட்டமடித்தேன். அவர் குனிந்து வாளை எடுத்தபோது நான் முதுகோடு சேர்ந்து குனிந்தேன். இதற்கிடையில் சாமரத்தை நிறுத்தக் கூடாது என்ற கடமை உணர்ச்சி வேறு. ஒரு வீச்சில் அது செல்வராசுவின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

வசந்தமணி அம்மா பழுத்த நடிகை. சிரிப்பு கை மீறிப் போவதைப் பார்த்ததும் வாளை ஓங்கிக் குரலை உயர்த்தினார். “என் தோழி ஒருத்தியைக் கண்டே இவ்வளவு அஞ்சுகிறீரே, என் படையை எப்படித் தாங்குவீர்? போய் உம் மன்னனிடம் சொல்லும்.”

அப்படியொரு கைதட்டல் அந்த மண்டபத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் விழுந்திருக்காது. செல்வராசு தலைப்பாகையை எடுத்துக்கொண்டு, வந்த இரகசியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார். அந்தச் செய்தியில்தான் ராமதுரை சார் போருக்கான காரணத்தை வைத்திருந்தார். அடுத்த காட்சியில் போர் வந்தது. எதற்கு வந்தது என்று அன்றைக்குப் பார்த்த யாருக்கும் இன்று வரை தெரியாது.

திரை ஒரு வழியாக விழுந்ததும், எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஊசியை எடுத்து, ராணியை உடுப்போடு வைத்து முதுகைத் தைத்தே விட்டேன். அவசரத்தில் பனியனையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். “இப்ப மூச்சு விடலாமா?” என்று கேட்டார். “மெதுவா விடுங்கம்மா” என்றேன். மிச்ச நாடகத்தை அவர் மேல் மூச்சிலேயே பேசி முடித்தார். போர்க்களத்தில் ராணி சாகும் காட்சியில் அந்தத் திணறல் தத்ரூபமாக இருந்ததாகவும், பெண்கள் பக்கம் அழுததாகவும் சொன்னார்கள்.

முடிந்த பிறகு அவரை உடுப்பிலிருந்து வெளியே எடுக்கக் கத்தரிக்கோல்தான் வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் படும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் கைதட்டு வாங்கிய உடுப்பு. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இந்த முறை நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஏங்கண்ணு, ராணிங்க காலத்துல ஜிப்பு இல்லன்னு சொன்னியே. மூச்சு விடுறது இருந்துச்சா?”

“மன்னிச்சிடுங்கம்மா. நான் அளவெடுக்கும்போதே சொல்லியிருக்கணும்.”

“நான் மூச்சைப் புடிச்சேன், நீ வாயைப் புடிச்ச. ரெண்டு பேரும் சேந்துதான் கிழிச்சோம்” என்றார். பிறகு பாவாடை ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “முதுகுக்குப் புதுத் துணி வெச்சுக் குடு. பட்டை வெச்சுத் தெய்யி. ஜிப்பும் வையி” என்றார்.

“சரிங்கம்மா.”

“வாசம் இல்லாத எடத்துல ஒக்காந்து தெய்யி.”

நான் தரையில் சிதறிய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ மிக மெதுவாக, ரகசியம் சொல்வதுபோல், “பாப்பா, உன் துப்பட்டா கால்ல மாட்டியிருக்கு” என்றார்கள். திரும்பினேன். மூக்குத்திப் பெண்மணி. பக்கத்தில் நீலச் சட்டை. இரண்டு பேருக்கும் பின்னால் முகம் வெளிறிப்போய் என் அம்மா. துப்பட்டா எங்கேயும் மாட்டவில்லை.

அந்த அம்மாள் மகனைப் பார்த்துத் தலையசைத்தார். “காது நல்லாவே கேக்குது.”

அம்மா, “நான்தான் சொன்னேனேங்க” என்று தொடங்கினார்.

“இருங்க” என்று கையமர்த்திவிட்டு என்னைக் கேட்டார். “அவ்வளவு பேரு சிரிக்கிறாங்க. ஓடிப் போயிடணும்னு தோணலையா உனக்கு?”

“தோணுச்சுங்க. விட்டா அவங்க மானம் போயிடுமே.”

அவர் என் இடது கையைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த பிடியில் விரல்களில் ஜரிகை பதிந்து சிவந்திருந்தது. அவர் மகன் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். “வீடியோ நல்லா வந்திருக்கு. அனுப்பட்டா?”

என் நம்பரை அப்படித்தான் வாங்கினார்.

கல்யாணமாகி நான் மீன்சுருட்டிக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வீடியோ சொந்தக்காரர்கள் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா எதுவானாலும் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் போட்டுக் காட்டுகிறார்கள். வசந்தமணி அம்மா கல்யாணத்துக்கு வந்திருந்தார். மேடையேறியதும் முதல் வேலையாக என்னைத் திருப்பி நிற்க வைத்து ஜாக்கெட்டின் முதுகைச் சோதித்துவிட்டுத்தான் ஆசீர்வாதம் செய்தார். வெளியூரிலிருந்து வருகிற உறவினர்களுக்கு என் பெயர் கலைச்செல்வி என்பதே தெரியாது. ‘தோழி’ என்றுதான் விசாரிக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு லாபமும் உண்டு. நேற்றுச் சாயங்காலம் நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, “ஏ தோழி, ஒரு டீ போடேன்” என்றார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. இன்னொரு தரம் சத்தமாகக் கூப்பிட்டார்.

உள்ளே பருப்பு புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“அவளுக்குத்தான் காது கேக்காதுல்ல. எந்திரிச்சுப் போயி நீயே போட்டுக்க. எனக்கும் ஒரு கிளாஸ் சேத்து வையி.”